கழுத்து

கைப்பொம்மை சாவது கழுத்தில்தான்.
முகத்தில் சாயம் போவது, கை பிரிவது, அதெல்லாம் நோக்காடு.
கழுத்து போனால் போனதுதான்.

முதல் வருடத்துப் பொம்மைகள் காகிதக்கூழ்.
வாலிநோக்கம் போய்ச் சேர்வதற்குள்
உப்புக்காற்றைக் குடித்து ஆறு பேருக்கு மூக்கு வீங்கியது.
மைதாப் பசைக்கு எலி வந்தது.
தங்கச்சிமடத்தில் பெட்டியைத் திறந்தால்
கலெக்டருக்கு இரண்டு காதும் இல்லை.
"அவருக்கு அது எதுக்கு" என்று
கபிரியேல் அப்படியே எடுத்து ஆட்டினான்.
அன்றைக்கு அதற்குத்தான் அதிகக் கைதட்டல்.

அடுத்த வருடம் என்னிடம் வந்தார்கள்.
நான் வல்லத்துக்கு பைபர் ஒட்டுகிறவள்.
பாம்பன் தெற்குவாடியில் என் கை படாத அணியம் கொஞ்சம்.
படகிடம் கேட்பதையே பொம்மையிடமும் கேட்டேன்:
தண்ணீர் எந்த வழியாக உள்ளே வரும்?

உள்ளே இருக்கும் கை வழியாக, என்றது.
ஒரு நாளைக்கு நாலு ஆட்டம், நாலு ஆட்டத்து வியர்வை.
அதனால் உள்ளுறை தனி, கழற்றித் துவைக்க.
பிரஸ் பட்டன் துருப்பிடிக்கும். நாடா.

தலைக்கு, கரையில் ஒதுங்கிய வலை மிதவை.
(தெர்மாகோல் மேல் பிசின் ஊற்றியதில்
ஒரு போலீஸ்காரர் என் கண் முன்னால் உருகிப் போனார்.)
அதன்மேல் பழைய வேட்டி, புளியங்கொட்டைப் பசை,
பசையில் ஒரு சிட்டிகை துத்தம்.
எலி முகர்ந்து பார்த்துவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.
கழுத்துக்கு மின்சாரக் குழாய், முக்கால் இஞ்சு.
விளிம்பைத் தீயில் காட்டி வெளியே மடக்கி
மடிப்புக்குக் கீழே சட்டையை வைத்து
நண்டுவலை நரம்பால் பதினோரு சுற்று.
இழுத்துப் பார் என்று சீனி இபுராமிடம் கொடுத்தேன்.
லோடு ஆட்டோ ஓட்டுகிற கை.
இழுத்தான். வரவில்லை.

ஒன்பது பேருக்கும் ஒரே கழுத்து.
அங்கேதான் பிசகினேன்.
பாசி யாபாரிக்கு மட்டும் தலை குண்டூசியில் நிற்க வேண்டும்,
கடைசிக் காட்சியில் ராக்கு அறைந்தால் பறக்க வேண்டும்
என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மூக்கையூர்.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆட்டோ, அதன் தார்ப்பாயே திரை.
சோழகம் திரையை வயிறு மாதிரி ஊதிக்கொண்டிருந்தது.
பிள்ளைகளுக்குப் பின்னால், பாசி அள்ளிவிட்டு வந்த பெண்கள்
ஈரப் பாவாடையோடு நின்றார்கள்.
நம்புசெல்வியின் கையில் ராக்கு. கபிரியேலின் கையில் யாபாரி.
பதினாறு கிலோ மரிக்கொழுந்துப் பாசி
தராசில் ஏறியதும் ஒன்பதானது.

ராக்கு அறைந்தாள்.
தலை நின்றது.
இன்னொரு அறை. மிதவைத் தலை டொக்கென்று பேசியது,
அவ்வளவுதான்.
பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.
திரைக்குப் பின்னால் கபிரியேல் என்னைப் பார்த்த பார்வையை
நான் பெட்டியில் ஏதோ தேடுகிற சாக்கில் தவிர்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றான் யாபாரி,
வேறு வசனம் இல்லாமல்.

"அப்ப மறுபடி நிறு."
பின்வரிசையிலிருந்து. இடுப்பில் கண்ணாடியைச் செருகியிருந்த ஒருத்தி.

யாபாரி இப்படித் திரும்பினான், அப்படித் திரும்பினான்.
நிறுத்தான்.
"பதினாறு," மெதுவாக.
"கேக்கல."
"பதினாறு!"
"போன மாசத்தது?" இது இன்னொருத்தி.
"ஆடியில புடிச்சுக்கிட்டது?"

நாற்பது நிமிடம் கூட ஓடியது ஆட்டம்.
விரல் மரத்துப்போய் நம்புசெல்வி கை மாற்றினாள்.
கடைசியில் "காசை எடு" என்றார்கள்.
யாபாரி சட்டையைத் தடவினான், முன்னால், பக்கத்தில்.
அவனுக்கு நான் பை வைத்திருக்கவில்லை.

சாயல்குடி தாண்டும்போது
ஆட்டோவின் பின்னால் உட்கார்ந்து
செல்போன் வெளிச்சத்தில் பை தைத்தேன்.
நண்டுவலை நரம்பு, இரட்டைத் தையல், மூலைகளில் கூடுதலாக மூன்று.
இனி ஊருக்கு ஊர்
அதற்குள் கை விடுவார்கள்.